மழை பெய்தால் உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?

ஊருக்குப் போகும்போது "என்ன வேலை பாக்குற?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரே பதில்தான்: "கம்ப்யூட்டர்ல." சிவகாசியில் அதற்கு மேல் யாரும் தோண்ட மாட்டார்கள். வெடி ஆபீசில், அதாவது பட்டாசு ஆலையில், போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் மட்டும் விடவில்லை. "கம்ப்யூட்டர்ல என்ன மாப்ள?"

"பிளாஸ்டிக் மாதிரிப் பசைக்குள்ள படிகத்தூளைக் கலந்து செய்யிற பொருளு மாமா. அதைச் சூடாக்கி அழுத்தினா உள்ள என்ன ஆகும்னு கணக்குப் போடுறது."

"அதத்தானடா நாங்க காலமெல்லாம் செஞ்சோம். என்ன, கணக்குப் போடல. அவ்வளவுதான்."

சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. என் துறையைப் பற்றி எழுதச் சொல்லிச் சில நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வண்டி உதிரிபாகத்தில் போடும் பிளாஸ்டிக்கை வைத்து எழுதினால் எனக்கே தூக்கம் வரும். அதனால் நம்ம ஊர் வெடி மருந்தை வைத்தே எழுதுகிறேன். (ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இதில் எந்தக் கலவைக்கும் அளவு, விகிதம் எதுவும் இருக்காது. அதைத் தேடி வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

கோவில்பட்டி கடலை மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். நிலக்கடலைப் பருப்பு தனித்தனி, பாகு அதைச் சேர்த்துப் பிடிக்கிறது. படிக-பாலிமர் கலவை என்பது அமைப்பில் அவ்வளவுதான். தீக்குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், கந்தகம் போன்ற படிகங்கள்; அவற்றைப் பிடித்து வைத்திருப்பது பசை. பழைய தீப்பெட்டி ஆபீஸ்களில் வச்சிரம் காய்ச்சும் வாடை தெரு வரைக்கும் வரும். அந்த வச்சிரம் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுத்த புரதம். அதாவது ஒரு பாலிமர். 2018ல் தடை வரும் வரை கம்பி மத்தாப்பில் போட்ட, பச்சை உப்பு என்று நாம் சொல்லும் பேரியம் நைட்ரேட், அலுமினியப் பவுடர், இரும்புத்தூள் எல்லாவற்றையும் கம்பியோடு ஒட்ட வைத்தது டெக்ஸ்ட்ரின். ஸ்டார்ச்சை வறுத்துக் கிடைப்பது, அதுவும் பாலிமர். பேன்சி ரகங்களில் வானத்தில் கலர் கலராகச் சிதறுகிறதே, அந்த மணி மருந்தும் இதே இனம்.

இதே குடும்பத்தின் பெரியண்ணன் ராக்கெட். பிஎஸ்எல்வியின் முதல் அடுக்கில் இருக்கும் 139 டன் திட எரிபொருளும் அமோனியம் பெர்குளோரேட் படிகத்தையும் அலுமினியப் பவுடரையும் எச்டிபிபி என்ற ரப்பர்ப் பாலிமரில் குழைத்து, அச்சில் ஊற்றி, இறுக வைத்ததுதான். குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ஏவுதளம் எஸ்எஸ்எல்வி ராக்கெட்டுக்கானது. அதன் மூன்று முக்கிய அடுக்குகளும் திட எரிபொருள்தான். சிவகாசிக்கும் குலசேகரப்பட்டினத்துக்கும் நடுவில் சாலையில் சில மணி நேரம். ஆராய்ச்சிக்குப் போகும் பணத்தில் உள்ள தூரத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, சூடாக்கினால் என்ன ஆகிறது?

உருகும், பிறகு எரியும் என்றுதான் நாம் நினைக்கிறோம். நடுவில் ஒரு கட்டம் இருக்கிறது. திடப்பொருளாகவே இருந்துகொண்டு படிகம் தன் அடுக்கை மாற்றிக்கொள்ளும். கந்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறை வெப்பத்தில் இருக்கும் அதன் அமைப்பு 95 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியதும் மெதுவாக வேறொரு அமைப்புக்கு மாறும், அடர்த்தி 2.07லிருந்து சுமார் 1.96க்கு இறங்கும். அதாவது அதே கந்தகம் ஐந்து சதவீதம் போலக் கூடுதல் இடம் கேட்கும். வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், 129 டிகிரிக்குப் பக்கத்தில் அமைப்பு மாறுகிறது. அது உருகுவதோ 334ல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சூடேறும்போது ஒரே தாவலில் மாறும் வெடியுப்பு, ஆறும்போது இடையில் மூன்றாவது ஓர் அமைப்பில் தங்கிவிட்டுத்தான் பழையதற்குத் திரும்புகிறது. ஆகவே "இப்போது இதன் வெப்பநிலை என்ன?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எங்கிருந்து வந்தாய்?" என்றும் கேட்க வேண்டும். என்னைப் போன்றவர்களுக்குப் பாதித் தலைவலி இதிலிருந்துதான் வருகிறது.

எல்லாவற்றிலும் முரடு அமோனியம் நைட்ரேட். அது அமைப்பு மாறும் முதல் படி 32 டிகிரியிலேயே வந்துவிடுகிறது. சித்திரை, வைகாசியில் சிவகாசியில் பகலில் 38 சர்வ சாதாரணம், இரவில் 30க்குக் கீழே இறங்கிவிடும். ஒவ்வொரு பகலும் ஒவ்வொரு இரவும் படிகம் விரிந்து சுருங்கினால் என்ன ஆகும்? துகள் நொறுங்கும், பிறகு ஈரத்தோடு சேர்ந்து பாறையாக இறுகும். ராக்கெட்காரர்கள் அதை அப்படியே பயன்படுத்தத் தயங்குவதற்கும், பொட்டாசியம் நைட்ரேட் போன்றவற்றைக் கொஞ்சம் சேர்த்து அந்த மாற்றத்தை அடக்கப் பார்ப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். 2020ல் பெய்ரூட் துறைமுகம் வெடித்ததும் சென்னை மணலியில் பறிமுதல் செய்து வைத்திருந்த சுமார் 700 டன்னை அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு அனுப்பினார்களே, அதே சரக்கு.

அழுத்தம் வந்தால் கதை திரும்பும். சூடு படிகத்தை விரிந்த அமைப்பை நோக்கித் தள்ளும். அழுத்தம் நெருக்கமான அமைப்பை நோக்கித் தள்ளும். இதை ரொம்ப நுணுக்கமாக ஆராய்ந்திருக்கும் பொருட்களில் ஒன்று எச்எம்எக்ஸ் என்ற ராணுவ வெடிபொருள். 160, 170 டிகிரி வாக்கில் அதன் படிகம் மாறி, கிட்டத்தட்ட ஏழு சதவீதம் பருக்கும். சுற்றிலும் பாலிமர் இறுக்கிப் பிடித்திருந்தால், பெரிய அழுத்தத்தில் அந்த மாற்றம் தள்ளிப் போகும். அந்த இறுக்கத்தைத் தாண்டி மாறிவிட்டால் பாலிமர் படிகத்தை விட்டுப் பிரியும், இடையில் நுண்ணிய வெற்றிடங்கள் விழும். மாறிய படிகம் முன்னதைவிடச் சுலபமாகப் பற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இந்த மாற்றத்தை லேசர் ஒளியை வைத்து, அது நடக்கும்போதே கண்காணித்தார்கள். மாறிய அமைப்பு மட்டும் லேசரின் நிறத்தை மாற்றித் திருப்பி அனுப்பும் குணமுள்ளது. அந்த ஒளி கூடக் கூட, எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இது மாதிரி ஒரு சோதனை இல்லாவிட்டால் கணினியில் போடும் மாடல் வெறும் கற்பனைதான்.

மாடல் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அது ஒன்றல்ல, பல அடுக்கு. அடியில் அணுக்களைத் தனித்தனியாக நகர்த்திப் பார்க்கும் சிமுலேஷன். அதில் ஒரு எட்டு என்பது ஒரு ஃபெம்டோ நொடி. ஒரு நொடிக்கு நடந்ததைப் பார்க்க வேண்டுமென்றால் பத்துக் கோடி கோடி எட்டு வைக்க வேண்டும். எந்தக் கணினியாலும் முடியாது. அதனால் அங்கிருந்து படிகத்தின் விறைப்பு, வெப்பம் கடத்தும் திறன், மாறத் தேவையான ஆற்றல் என்று சில எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே ஏறுவோம். அடுத்த அடுக்கில் அணு தெரியாது, துகளும் பசையும் தெரியும். எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்து, எந்தத் துகள் எங்கே, எந்த இடத்தில் பசை இல்லை என்று அப்படியே வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் வெப்பம், விசை, அமைப்பு மாற்றம் எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்ப்போம். படிகத்துக்குள் புது அமைப்பு முளைத்துப் பரவும் வேகத்துக்கு 1930களின் கடைசியில் கோல்மகொரோவும் அவ்ராமியும் எழுதிய சமன்பாடு இன்றும் ஓடுகிறது. மேல் அடுக்கில் துகளும் போய், முழுப் பொருளும் ஒரே கட்டியாகிவிடும்.

நடு அடுக்குதான் எனக்குப் பிடித்தது. ஏனென்றால் விபத்து பிறக்கும் இடம் அது.

ஒரு தட்டு மருந்தின் சராசரி வெப்பநிலை 35 டிகிரியாக இருக்கும். கையால் தொட்டால் கூடச் சூடு தெரியாது. ஆனால் இரண்டு துகள் உரசும் இடத்தில், ஒரு மைக்ரான் அகலத்தில், சில மைக்ரோ நொடிகளுக்கு, 400 டிகிரிக்கு மேல் போக முடியும். கேம்பிரிட்ஜில் பௌடன், யோஃபே என்ற இருவர் 1952ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தச் சூட்டுப் புள்ளிகளின் அளவை வரையறுத்தார்கள்: மைக்ரானில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பத்து மைக்ரான் வரை. அதைவிடச் சின்னதாக இருந்தால் சுற்றியுள்ள பொருள் சூட்டை உறிஞ்சிவிடும், ஒன்றும் ஆகாது. அந்த அளவைத் தொட்டு, சூடும் போதுமானதாக இருந்தால் போச்சு.

அதே கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு சோதனையை எங்கள் ஊரில் ஒவ்வொரு வெடி ஆபீஸ் சுவரிலும் எழுதிப் போடலாம். வெடிபொருளில் வெவ்வேறு தூசியைக் கலந்து தட்டிப் பார்த்தார்கள். கடினமான தூசிதான் ஆபத்து என்று யாரும் நினைப்போம். அப்படி இல்லை. தூசியின் உருகுநிலைதான் தீர்மானித்தது. சுமார் 430 டிகிரிக்குக் கீழே உருகும் தூசி உரசும் இடத்தில் தானே உருகிவிடுகிறது; சூடு அதற்கு மேல் ஏற வழியில்லை. அதற்கு மேல் உருகும் தூசி வெடிக்க வைத்தது. அவர்கள் சோதித்தவை நம்ம மருந்து அல்ல, வேறு வெடிபொருட்கள். எண் இங்கே கொஞ்சம் மாறலாம். ஆனால் மணலின் உருகுநிலை 1,700 டிகிரியை ஒட்டியது. செருப்பில்லாமல் நடந்து வந்த காலில் ஒட்டியிருக்கும் செம்மண்ணும் மணலும் மருந்தில் விழுந்தால் என்னவென்று யோசித்துக்கொள்ளுங்கள். "சலிக்காத மருந்தக் கையில தொடாத" என்று மாமா வேலைக்கு வந்த பிள்ளைகளைத் திட்டியதற்குப் பின்னால் இந்த இயற்பியல் இருந்தது. பித்தளை, மரக் கருவிகளும் தரையில் ரப்பர் விரிப்பும் பொறியையும் நிலைமின்சாரத்தையும் தடுக்கத்தான். ஆனால் மணல் துகளுக்கு இரும்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

பசைக்கு இதில் என்ன வேலை? ஒட்டுவது மட்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்பதற்கு ஓர் உதாரணம். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த வெடிபொருளை மத்திய அரசு 1992 ஜனவரியில் தடை செய்தது. உராய்வுக்கு அவ்வளவு சுலபமாகப் பற்றும். கந்தகத்தில் ஒட்டியிருக்கும் அமிலத்தால் தானாகச் சூடேறவும் செய்யும். ஆனால் அதே இரண்டும் தீக்குச்சித் தலையில் சேர்ந்தே இருக்கின்றன, நம் சமையலறையிலும் சட்டைப் பையிலும். ஏன் அனுமதி? அளவு துளி என்பது ஒரு காரணம். இன்னொன்று, தண்ணீரில் கரைத்த பசைக்குள் ஈரமாகவே அவை கலக்கப்படுகின்றன. காய்ந்த பிறகு ஒவ்வொரு துகளையும் பசை மூடிக்கொள்கிறது, துகளோடு துகள் நேராக உரச முடியாது. அந்தப் பசைப் படலத்தில் விரிசல் விழுந்தால், அல்லது அது ஈரத்தில் இளகினால், நிலைமை வேறு. அதனால்தான் படிகத்துக்குக் கொடுக்கும் அதே மரியாதையைப் பசைக்கும் கொடுத்து மாடல் போட வேண்டும் என்கிறோம்.

இதையெல்லாம் வரைந்து காட்டி மாமாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"எல்லாஞ் சரி மாப்ள. மழை பெஞ்சா ஒங்க கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"

தெரியாது. பெரும்பாலான மாடல்களில் சூடு உண்டு, அழுத்தம் உண்டு, ஈரம் கிடையாது. ராக்கெட் எரிபொருளும் ராணுவ வெடிபொருளும் குளிரூட்டிய அறையில், ஈரப்பதம் அளந்து தயாராகிறவை. அந்த மாடல்கள் அங்கே பிறந்தவை. சிவகாசியில் மருந்து வெயிலில், திறந்த களத்தில் காய்கிறது. இங்கே இந்தத் தொழில் நிலைத்ததற்கே மழை குறைந்த கரிசல் பூமி என்பது ஒரு காரணம். ஆனால் ஆர்டர் குவிவது தீபாவளிக்கு முன்னால், ஐப்பசி மழை வந்து நிற்கும் நேரத்தில். டெக்ஸ்ட்ரின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் பட்ட அலுமினியப் பவுடர் தண்ணீரோடு வினைபுரிந்து சூட்டையும் ஹைட்ரஜனையும் விடும். நைட்ரேட்டும் கூட இருந்தால் அமோனியா பிறக்கும். தட்டின் மேல் குனிந்து மோந்து பார்த்து, மூக்கில் சுரீரென்று ஏறினால் "எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்திய போர்மேன்கள் உண்டு. அந்த மூக்குக்கு ஈடான சென்சாரை நான் எந்த மாடலிலும் பார்த்ததில்லை.

ஈரமான தட்டு மெதுவாகச் சூடேறும்போது இன்னொரு கணக்கு உள்ளே வருகிறது. அது மிகப் பழையது. ரஷ்யாவில் செமனோவும் ஃபிராங்க்-காமனெட்ஸ்கியும் 1928க்கும் 1939க்கும் இடையில் எழுதியது. உள்ளே பிறக்கும் வெப்பம் வெளியே போகும் வெப்பத்தை மிஞ்சினால் குவியல் தானாகப் பற்றும். வெப்பம் வெளியேறும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூள் மருந்துக்கு நான் குத்துமதிப்பாகப் போட்ட கணக்கு: ஒரு சென்டிமீட்டர் கடக்கக் கால் மணி நேரம், இரண்டு சென்டிமீட்டர் என்றால் ஒரு மணி நேரம், நான்கு என்றால் நான்கு மணி நேரம். "ரெண்டு தட்டு மருந்த ஒரே தட்டுல குமிச்சா இடம் மிச்சம்" என்று நினைப்பவர் ஆபத்தை இரட்டிப்பாக்கவில்லை, நாலு மடங்காக்குகிறார். இதைச் சொல்ல சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டாம், ஒரு தாளும் பென்சிலும் போதும். ஒரு அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது, மருந்து இவ்வளவுக்கு மேல் வைக்கக் கூடாது என்ற விதிகளை அதிகாரிகள் ரெய்டு வரும்போது மட்டும் நினைக்கிறோம். மருந்தின் அளவுக்கு விதி ஏன் வேண்டும் என்று இந்த வர்க்கக் கணக்கே காட்டிவிடும்.

நம்ம ஊர் மருந்தை யாருமே ஆராயவில்லை என்று சொன்னால் அது அநியாயம். சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அங்கே தொழிற்சாலைப் பாதுகாப்புக்கு என்று ஒரு பிரிவு இருக்கிறது. வெப்பம் துளியும் வெளியே கசியாதபடி ஒரு சின்னக் குண்டில் மாதிரியை அடைத்து, எந்த வெப்பநிலையில் அது தானாகச் சூடேறத் தொடங்குகிறது, அழுத்தம் எவ்வளவு எகிறுகிறது என்று பட்டாசுக் கலவைகளை அளந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். சிவகாசி மெப்கோ கல்லூரியிலும் உராய்வு, அதிர்ச்சிக்கு இந்தக் கலவைகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று சோதனைகள் நடந்திருக்கின்றன. இவை நல்ல தரவுகள். ஆனால் இவை மேல் அடுக்குத் தரவுகள். முழுத் தட்டும் ஒரே கட்டி என்று எடுத்துக்கொள்பவை. துகளும் பசையும் ஈரமும் சேர்ந்த நடு அடுக்கில் நம்ம மருந்துக்கு என்று ஒரு மாடல் போட்டு நான் பார்த்ததில்லை.

இது இப்போது ஏன் அவசரம் என்றால், கலவையே மாறிக்கொண்டிருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் பேரியம் உப்புகளுக்குத் தடை போட்டது. அதைத் தளர்த்தக் கேட்டபோது 2023 செப்டம்பரில் மறுத்தும்விட்டது. நாக்பூரின் நீரி நிறுவனம் கொண்டுவந்த பசுமைப் பட்டாசில் ஜியோலைட் சேர்க்கிறார்கள். அது உள்ளுக்குள் நுண்துளைகள் கொண்ட படிகம். துளைகளில் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்து சூடேறும்போது விடும். புகைக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் தண்ணீரை உள்ளே வைத்திருக்கும் படிகத்தை அலுமினியப் பவுடருக்குப் பக்கத்தில், ஈரம் இழுக்கும் பசைக்குள் வைத்து, மாதக்கணக்கில் குடோனில் அடுக்கினால் பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் அந்தத் தண்ணீர் எங்கே போய் எங்கே வருகிறது? 592 டிகிரி வரை உருகாத பச்சை உப்புக்குப் பதில் 334லேயே உருகுகிற, 129லேயே அமைப்பு மாறுகிற வெடியுப்பு கூடுதலாக வந்தால் சூட்டுப் புள்ளி எப்படி நடந்துகொள்ளும்? புகையையும் ஓசையையும் அளந்த அளவுக்கு இந்தக் கேள்விகளையும் அளந்திருக்க வேண்டும். போர்மேன்களின் மூக்கும் கையும் பழகியது பழைய கலவைக்கு.

2012 செப்டம்பர் 5ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் நாற்பது பேருக்கு நெருக்கமாகச் செத்துப்போனார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல். இப்படி ஒவ்வொன்றுக்கும் மறுநாள் பேப்பரில் "மருந்து உராய்வு காரணமாக" என்று ஒரு வரி வரும்; சில நேரம் ஆட்களின் கவனக்குறைவு என்று சேர்த்துக்கொள்வார்கள். எந்தத் துகள், எந்த ஈரம், எவ்வளவு தடிமன் என்று ஒரு வரி வராது. கணக்குப் போட்டுவிட்டால் விபத்தே நடக்காது என்றும் நான் பீற்றிக்கொள்ள மாட்டேன். அத்தனை வசதியும் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலேயே 2004 பிப்ரவரியில் திட எரிபொருள் கூடத்தில் ஆறு பேர் இறந்தார்கள். ஆனால் அங்கே ஒரு விபத்தைத் தோண்டிப் பார்க்க எண்கள் இருக்கின்றன. இங்கே தோண்டினால் கரித்தரைதான் இருக்கிறது.

விருதுநகர் மாவட்டத்தில் பொறியியலும் வேதியியலும் படிக்கிற பிள்ளைகள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். கடைசி வருட பிராஜக்ட்டுக்கு வேறு எங்கிருந்தோ இறக்குமதியான தலைப்பைத் தேட வேண்டாம். மருந்தைத் தொடவே வேண்டாம். வெறும் டெக்ஸ்ட்ரின், எரியாத ஏதாவது ஒரு உப்புத்தூள், ஒரு ஈரப்பதமானி, ஒரு வெப்பமானி போதும். சிவகாசியின் புரட்டாசிக் காற்றிலும் ஐப்பசிக் காற்றிலும் அந்தத் தட்டு எவ்வளவு ஈரம் இழுக்கிறது, எத்தனை நாளில் பசை இளகுகிறது என்று அளந்து, எண்களை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். ஆபீஸ் முதலாளிகளே, உங்கள் களத்தின் ஈரப்பதத்தைத் தினமும் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும்; அதை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். மாடல் போடுகிற வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்ய நான் தயார், என்னைப் போல இன்னும் சிலரும் இருக்கிறார்கள். எங்களிடம் இல்லாதது அந்த எண்கள் மட்டும்தான்.